கடைசிப் பக்கம் இல்லாத கதைகள்

“மேட்டுல மோட்டார் வெச்சா அறுபது அடிக் கெணத்துல தண்ணி ஏறாதுங்க மிஸ்.”

மூன்றாவது பெஞ்சிலிருந்து எழுந்து நின்று இதைச் சொன்னவள் பிளஸ் ஒன் படிக்கிற பெண். அவள் அப்பா கிணற்று மோட்டார் மாட்டுகிறவர், ரீவைண்டிங் கடையும் வைத்திருக்கிறார். சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிற, கண் சொக்கும் பீரியட் அது. நானே எழுதிக்கொண்டுபோன ஒரு துப்பறியும் கதையைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

தாராபுரத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவே, சுற்றிலும் மானாவாரிக் காடும் இடையிடையே தோட்டமுமாக இருக்கிற ஊரில் இயற்பியல் டீச்சராக இருக்கிறேன். எங்கள் பக்கம் களவு என்றாலே முதலில் நினைவுக்கு வருவது கிணற்று மோட்டாரின் ஒயர்தான். இருட்டோடு இருட்டாக வந்து கேபிளை வெட்டி, உரித்து, தாமிரத்தை எடைக்குப் போட்டுவிடுவார்கள். காலையில் தண்ணீர் விடப் போகிறவர் சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே மேட்டில் உட்கார்ந்துவிடுவார். என் கதையும் அதைப் பற்றியதுதான். கதையில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், “ராத்திரி பத்து மணியிலிருந்து விடிகிற வரைக்கும் என் கிணற்று மேட்டு மோட்டாரைப் போட்டு மக்காச்சோளத்துக்குத் தண்ணி விட்டுட்டு இருந்தேன், அந்தப் பக்கமே போகல” என்கிறார். அவர் கிணற்றில் தண்ணீர் அறுபது அடியில் கிடக்கிறது என்று முதல் பக்கத்தில் வர்ணனைக்காக ஒரு வரி எழுதியிருந்தேன். என் கணக்கில் அவர் நல்லவர். கடைசிப் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் வந்து வேறொருவரைப் பிடிப்பார், பிடிக்கும்போது அழுத்தத்தைப் பற்றி ஒரு சிறு உரையும் ஆற்றுவார்.

“அப்ப அவருதானுங்க பொய் சொல்றாரு” என்றாள் அவள்.

வகுப்பே நிமிர்ந்துவிட்டது. அதுவரைக்கும் ஏழெட்டுக் கதைகள் எழுதி வாசித்திருக்கிறேன், ஒரு தடவைகூட அப்படி நிமிர்ந்ததில்லை.

சின்ன வயதில் தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்கும் பாக்கெட் நாவல்களை வாங்கிப் படித்தே வளர்ந்தவள் நான். பாடப்புத்தகம் விதியை முதலில் சொல்லும், அப்புறம் உதாரணம் சொல்லும், அப்புறம் கணக்குக் கொடுக்கும். குற்றவாளி யார் என்று அட்டையிலேயே அச்சடித்துவிட்டு நாவலைப் படி என்றால் யார் படிப்பார்கள்? நாவலில் முதலில் வருவது ஒரு சங்கதி, அதில் பொருந்தாத ஒரு துளி, அதற்கு அப்புறம்தான் ஏன் என்கிற கேள்வி. பாடத்தையும் அந்த வரிசையில் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் என் கதைகளில் ஓர் இன்ஸ்பெக்டர் இருந்தார், அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, கடைசியில் அவரே எல்லாவற்றையும் விளக்கிவிட்டார். பிள்ளைகள் கேட்டுவிட்டுச் சூத்திரத்தை எழுதிக்கொண்டார்கள். போர்டுக்கு முன்னால் நின்று நான் செய்ததைக் கதைக்குள் அவர் செய்தார், அவ்வளவுதான்.

சரி, மோட்டாருக்கு வருகிறேன். தண்ணீர் ஏறாது என்று அவளுக்குத் தெரியும். அவள் அப்பாவுக்கும் தெரியும், எங்கள் பக்கத்து ஒவ்வொரு விவசாயிக்கும் தெரியும், அதனால்தான் பாதிக் கிணற்றில் மேடை கட்டி மோட்டாரை இறக்கி வைத்திருக்கிறார்கள். ஏன் ஏறாது என்று கேட்டபோது பதில் வரவில்லை. “அஞ்சு ஹெச்பி பத்தாதுங்க, பத்து ஹெச்பி போட்டா ஏறும்” என்றான் ஒருவன். “ஃபுட் வால்வு லீக்கா இருக்கும்” என்றான் இன்னொருவன். ஏர் புடிச்சிருக்கும் என்றார்கள் சிலர். எதையும் நான் மறுக்கவில்லை, எல்லாரையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள் என்று போர்டில் எழுதிவிட்டேன்.

அடுத்த வாரம் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற டியூபில் கொஞ்சம் தடிமனானதாக நாற்பது அடி வாங்கி, சிவப்பு மை கலந்த தண்ணீரைக் காற்றுக் குமிழ் இல்லாமல் நிரப்பி, ஒரு முனையை இறுக்க அடைத்து, மறு முனையை வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டோம். ஊர் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் விடுகிற அண்ணன் கேட்டதும் ஒத்துக்கொண்டு மேலே ஏறி, அடைத்த முனையைக் கயிற்றில் கட்டி மெதுவாக இழுத்தார். பத்தடி, இருபது அடி, முப்பது அடி, டியூப் முழுக்கச் சிவப்பு. முப்பத்தொன்றைத் தாண்டியதும் உச்சியில் சிறு சிறு குமிழ்கள் கிளம்பின, அப்புறம் தண்ணீர் அங்கேயே நின்றுவிட்டது. அண்ணன் இழுக்க இழுக்க டியூப் மேலே போகிறது, சிவப்பு போகவில்லை. அதற்கு மேலே கண்ணாடிபோல வெறும் டியூப். “இன்னும் இழுங்கண்ணா” என்று பையன்கள் கத்துகிறார்கள். அவர் ஒரு முழம் இழுத்தார், சிவப்பு அசையவில்லை. அந்தப் பெண் மட்டும் கத்தவில்லை. வாளியைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “மேலருந்து யாரும் இழுக்கலீங்க மிஸ், கீழருந்து எதோ தள்ளுது” என்றாள்.

நான் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு நின்றது நன்றாக நினைவிருக்கிறது. வாளித் தண்ணீரைக் காற்று அமுக்குகிறது, அந்த அமுக்கம் எவ்வளவு உயரத் தண்ணீரைத் தாங்குமோ அவ்வளவுதான் ஏறும். பாதரசத்தில் 76 சென்டிமீட்டர், பாதரசம் தண்ணீரைப்போல 13.6 மடங்கு கனம், பெருக்கினால் தண்ணீருக்கு 10.3 மீட்டர், கிட்டத்தட்ட 34 அடி. எங்கள் ஊர் கடல் மட்டத்தைவிட உயரத்தில் இருக்கிறது, உச்சியில் உள்ள வெற்றிடத்தில் நீராவியும் கொஞ்சம் நிறைந்துகொள்கிறது, அதனால் இரண்டு மூன்று அடி குறைந்தது. பத்து ஹெச்பி போட்டாலும் நூறு ஹெச்பி போட்டாலும் மேட்டிலிருந்து உறிஞ்சுகிற மோட்டார் இந்தக் கோட்டைத் தாண்டாது. ஆயிரம் அடி போர்வெல்லில் தண்ணீர் வருகிறதே என்றால், உள்ளே மூழ்கிக் கிடக்கிற மோட்டார் உறிஞ்சுவதில்லை, அடியிலிருந்து தள்ளுகிறது, தள்ளுவதற்கு அப்படி ஓர் எல்லை கிடையாது.

இதே வழக்கைக் கலிலியோ விசாரித்திருக்கிறார், ஆளை மாற்றிப் பிடித்துவிட்டார் என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது அவர்களுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். பம்பு, அந்த ஊர் முழத்தில் 18 முழத்துக்கு மேல் தண்ணீரை ஏற்றாது என்று 1638-ல் வந்த நூலில் அவரே எழுதியிருக்கிறார். நீளமான கயிறு தன் கனத்தாலேயே அறுவதுபோலத் தண்ணீர்க் கம்பமும் அறுந்துவிடுகிறது என்பது அவர் முடிவு. சில வருடங்கள் கழித்து, 1643-ல், இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லியின் பாதரசக் குழாய்தான் காற்றைப் பிடித்துக் கொடுத்தது. காற்றுக் கடலின் அடியில் மூழ்கி வாழ்கிறோம் என்று டாரிசெல்லி அடுத்த வருடம் ஒரு கடிதத்தில் எழுதினார். “அப்ப நாங்க சொன்ன ஹெச்பி தப்புன்னா பரவால்லீங்களா மிஸ்?” என்றான் பத்து ஹெச்பி சொன்ன பையன். தாராளமா கண்ணு, என்றேன். அப்புறம் அவனே கேட்டான், ஊட்டியில் எத்தனை அடி ஏறும் என்று. குன்னூர் தாண்டினால் பஸ்ஸில் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதை அவன் பார்த்திருக்கிறான். ஊட்டியில் கணக்குப்படி எட்டு மீட்டர்கூட வராது.

அந்த வாரத்தோடு இன்ஸ்பெக்டரை எடுத்துவிட்டேன். கடைசிப் பக்கத்தையும் எடுத்துவிட்டேன். கதையைக் கொண்டுபோய் நிறுத்துவேன், சந்தேகத்துக்குரியவர்கள், அவரவர் சொன்னது, கிடைத்த தடயங்கள் எல்லாம் இருக்கும், முடிவு இருக்காது. கடைசிப் பக்கத்தைப் பிள்ளைகள் எழுத வேண்டும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: சோதித்துப் பார்ப்பதற்கு முன்னால், சோதனையில் என்ன நடக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். கண்ணகி என் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல் என்று முதலில் சொன்னாள், எம் சிலம்பில் முத்து என்று பாண்டியன் சொன்னான், அப்புறம்தான் சிலம்பு உடைந்தது. உடைத்துவிட்டு அப்புறம் சொல்லியிருந்தால் அதில் வழக்கே இல்லை.

இந்த முறையில் நான் எழுதியதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பால் வழக்கு. அதை எழுதியதில் பிள்ளைகளைப் பற்றி நான் ஒன்றைத் தெரிந்துகொண்டேன்.

காலையில் வண்டிக்காரர் வீடு வீடாகப் பால் எடுக்கிறார், பொழுதோட கேனைச் சோதித்தவர்கள் பாலில் தண்ணீர் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். மூன்று பேர் மேல் சந்தேகம். ஒற்றை மாடு வைத்திருக்கிற ஓர் அக்கா, கட்டுத்தரையிலிருந்து நேராகப் போசியோடு வந்து ஊற்றுகிறவர், அவர் பாலில், அடர்த்தி பார்க்கிற லாக்டோமீட்டர் 27 காட்டியது. ஆறு மாடு வைத்திருக்கிற பெரிய தோட்டத்துக்காரர், நேற்றுச் சாயங்காலப் பாலையும் சேர்த்துக் குளிர வைத்துக் கொடுக்கிறவர், அவர் பால் 30. மூன்றாவது ஆள் கேன் கழுவுகிற வடக்கத்திப் பையன்.

படித்து முடித்ததும் யார் மேல் சந்தேகம் என்று சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். பாதிக்கு மேல் அந்தப் பையன் பெயரில் வந்தது. அவனுக்கு எதிராகக் கதையில் ஒரு வரி கிடையாது, நான் வேண்டுமென்றே வைக்கவில்லை. மீதிப் பேர் 27-ஐக் காட்டி அந்த அக்காவைச் சொன்னார்கள். தோட்டத்துக்காரரை ஒருவர்கூடச் சொல்லவில்லை. திருப்பூர் கம்பெனிகளிலும் எங்கள் ஊர்க் கோழிப் பண்ணைகளிலும் வேலை பார்க்கிற ஒடிசா, பீகார்ப் பையன்களைப் பற்றி வீட்டில் என்ன பேசுகிறோமோ அதுதான் சீட்டில் வந்திருந்தது. நான் அதைத் திட்டவில்லை. “இதுக்குத் தடயம் எது, காட்டு” என்று மட்டும் ஒவ்வொருவராகக் கேட்டேன். காட்ட முடியவில்லை. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அந்த மௌனம் இன்னும் என் மனதில் இருக்கிறது.

அப்புறம் லாக்டோமீட்டரை எடுத்தோம். அது மிதக்கிற குழாய், பால் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு மேலே நிற்கும், ஆர்க்கிமிடீஸ் தத்துவம் அன்றி வேறொன்றும் இல்லை. நல்ல பால் 28-லிருந்து 32 வரை காட்டும், அதாவது தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் பாலுடையது 1.028 முதல் 1.032. தண்ணீரில் போட்டால் 0. பத்துக்கு ஒன்று தண்ணீர் கலந்தால் 30 என்பது 27 ஆகிவிடும். ஆனால் பால் சூடாக இருந்தாலும் அடர்த்தி குறையும், கறந்த சூடு மனித உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் கூட இருக்கும், அப்போதே பார்த்தால் ரீடிங் ஒன்று ஒன்றரை குறைந்துதான் நிற்கும். ஓர் அரை மணி நேரம் ஆற வைத்திருந்தால் அந்த அக்கா மேல் யாரும் விரல் நீட்டியிருக்க முடியாது.

அப்படியானால் 30 காட்டுகிற பால்? இதில்தான் பிள்ளைகள் இரண்டு நாள் மாட்டிக்கொண்டார்கள். ராத்திரி முழுக்க நின்ற பாலில் ஆடை மேலே வரும், கொழுப்பு லேசானது. அதை வழித்து எடுத்துவிட்டால் அடியில் நிற்கிற பாலின் அடர்த்தி கூடிவிடும், 35 வரைக்கும் போகும். அந்தப் பால் ஆறு லிட்டரோடு ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்தால் முப்பத்தைந்தை ஆறால் பெருக்கி ஏழால் வகுக்க வேண்டும், சரியாக 30 வந்து நிற்கிறது. வெண்ணெயும் லாபம், தண்ணீரும் லாபம், மீட்டரும் சந்தேகப்படாது. கொழுப்பைத் தனியாகச் சோதித்தால்தான் பிடிபடும், பால் வாங்குகிற இடங்களில் அதையும் சேர்த்துச் சோதிப்பது இதற்காகத்தான். போர்டில் அந்தக் கணக்கைப் போட்ட பையன் சாக்பீஸைக் கீழே வைக்காமல் திரும்பி, “நல்ல நம்பரே தடயமுங்களா மிஸ்!” என்றான். ஒரே அளவீட்டை நம்பி ஒரு முடிவுக்கு வரக் கூடாது என்று இருபது வருடமாகச் செய்முறை வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவன் அன்றைக்குச் சொன்ன அளவுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை.

வகுப்பில் இன்னொரு பெண், அவள் வீட்டில் உண்மையாகவே ஒற்றை மாடுதான். மறுநாள் லேபிலிருந்து தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அவர்கள் வீட்டுக்கு வருகிற பால்காரரிடம் “ஆறட்டுமுங்கண்ணா, அப்பறம் பாருங்க” என்று சொல்லி இரண்டு தடவை பார்க்க வைத்திருக்கிறாள். சூட்டில் 27, ஆறினதும் இருபத்தெட்டரை. நோட்டில் தேதி, நேரம், வெப்பநிலை எல்லாம் எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். அவள் அம்மா அன்றைக்கு மதியம் பள்ளிக்கூடத்துக்கே வந்து, ஒரு தூக்குப்போசி நிறைய மோர் கொடுத்துவிட்டுப் போனார்.

நிலா வழக்கை எழுதும்போது எனக்கு வேறு மாதிரி உதவி கிடைத்தது. வளர்பிறைச் சதுர்த்தி அன்றைக்கு நடு ராத்திரியில், நிலா வெளிச்சத்தில் திருடனின் முகத்தைப் பார்த்தேன் என்று ஒரு சாட்சி சொல்கிறார், இவ்வளவுதான் கதை. பிள்ளைகள் சந்திரனின் கட்டங்களைப் படமாக வரைவார்கள், ஆனால் சதுர்த்தி நிலா எத்தனை மணிக்கு மறையும் என்று ஒருவருக்கும் சொல்ல வரவில்லை. வீட்டில் கேட்டு வாருங்கள் என்று விட்டுவிட்டேன். ஒரு பையனின் அப்புச்சி முழுக் கதையைக்கூடக் கேட்கவில்லையாம், “நாலாம் பெறை ஒம்பதரைக்கெல்லாம் உளுந்துருமே சாமி” என்றாராம். நிலா நாளொன்றுக்கு ஐம்பது நிமிடம்போலப் பிந்தும், அமாவாசையிலிருந்து நாலு நாள் என்றால் சூரியன் விழுந்து மூன்றேகால் மணி நேரத்தில் நிலாவும் விழுந்துவிடும். கணக்கும் அப்புச்சியும் ஒரே நேரத்தைச் சொன்னார்கள். உண்மையிலேயே இப்படி ஒரு வழக்கு நடந்திருக்கிறது. 1858-ல், அமெரிக்க ஜனாதிபதி ஆவதற்கு முன்னால், ஆபிரகாம் லிங்கன் ஒரு கொலை வழக்கில் வக்கீலாக நின்றார். 150 அடி தூரத்திலிருந்து நிலா வெளிச்சத்தில் பார்த்தேன், நிலா உயரத்தில் இருந்தது என்றார் சாட்சி. லிங்கன் கொலை நடந்த வருடத்துப் பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டினார், அந்த நேரத்தில் நிலா மறையப் போகிற நிலையில் தாழ்ந்து கிடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் எல்லாத் திதியும் இருக்கிறது.

எல்லாப் பாடத்துக்கும் இது ஆகாது. மின்காந்த அலைகளுக்கு எழுதிப் பார்த்தேன், நாலு தடவை கிழித்துப் போட்டேன். கையில் தொட்டுச் சோதிக்க முடியாத இடத்தில் கதை பொய்யாகிவிடுகிறது, பிள்ளைகள் நான் சொல்வதை நம்ப வேண்டியதாகிவிடுகிறது, அப்படி நம்பச் சொல்வதற்குப் பாடப்புத்தகமே போதும். போர்ஷன் முடியாது என்கிற பயமும் உண்டு. நீட்டுக்குப் படிக்கிற பிள்ளைக்குக் கதை எதற்கு என்று ஓர் அப்பா வந்து கேட்டார், அவர் கவலை நியாயமானது. மாதத்துக்கு ஒரு கதைக்கு மேல் வேண்டாம் என்று நானே வைத்துக்கொண்டேன்.

என் கதைகளில் பிணமும் கிடையாது. ஆரம்பத்தில் ஒன்று எழுதினேன், கிணற்றில் கல் விழும் நேரத்தை வைத்து ஆழம் கண்டுபிடிக்கிற கதை, இரண்டு விநாடிக்கு 64 அடி, அதில் கல்லுக்குப் பதிலாக ஓர் ஆள் விழுவதாக வைத்திருந்தேன். பாதி படிக்கும்போது ஒரு பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். தோட்டத்துக் கிணறு இருக்கிற ஊர்களில் எந்த வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அன்றிலிருந்து ஒயர், பால், சாவி, தேங்காய் மூட்டை, இவை மட்டும்தான் என் கதைகளில் காணாமல் போகின்றன.

போன மாதம் மோட்டார் மாட்டுகிறவரின் மகள் அவளே ஒரு கதை எழுதிக்கொண்டு வந்து கொடுத்தாள், கடைசிப் பக்கம் வெறுமையாக. ராத்திரி ஒரு மணிக்கு லைனில் ஒரு பேஸ் போய்விட்டது. காலையில் மோட்டார் கருகிக் கிடக்கிறது. பன்னிரண்டு மணிக்கே மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன் என்கிறான் வேலையாள். இல்லை, அவன் இரண்டு மணிக்குத்தான் எழுந்து போட்டான், அதனால்தான் கருகியது, நஷ்டத்தை அவன் தர வேண்டும் என்கிறார் முதலாளி. யார் சொல்வது நிஜம்?

மூன்று பேஸ் மோட்டார் இரண்டு பேஸில் தானாகக் கிளம்பாது, உறுமிக்கொண்டு நிற்கும். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் ஒரு பேஸ் போன பிறகும் ஓடும், மிச்ச இரண்டில் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகிக்கொண்டே ஓடும். இரண்டிலும் கருகத்தான் செய்யும். இந்த அளவு எனக்குத் தெரியும், இதற்கு மேல் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடைக்குப் போனேன். அவள் அப்பா ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டு, “உக்காருங்க டீச்சர்” என்றார். அவள் உள்ளேயிருந்து கருகின ஸ்டேட்டர் ஒன்றைத் தூக்கமாட்டாமல் தூக்கிவந்து வெளிச்சத்தில் வைத்தாள். வட்டமாகச் சுற்றியிருக்கிற காயிலில் சில இடம் கரியாக இருந்தது, சில இடத்தில் வார்னிஷ்கூடப் போகாமல் தாமிரம் புதிதாக மின்னியது.

“சொல்லுங்க மிஸ்,” என்றாள், “ஓடிட்டு இருந்துச்சுங்களா, நின்னுட்டு இருந்துச்சுங்களா?”

நான் குனிந்து கருகின காயில்களை எண்ண ஆரம்பித்தேன்.